பன்னிரண்டாம் தேதி இல்லாத காலண்டர்

அந்தப் படத்தைப் பற்றி இன்னும் ஒருவர் என்னிடம் வந்து விளக்கம் சொன்னால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும். படம் மோசம் என்று சொல்லவில்லை. நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். காலத்தைத் தாண்டிப் போகும் இயந்திரத்துக்குள் நுழைந்து காணாமல் போன ஒரு விஞ்ஞானியின் கதை முதலில் வந்தது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்ல இரண்டு வருடம் கழித்து இன்னொரு படம் எடுத்தார்கள். அவன் அந்த இயந்திரத்தை எப்படிக் கட்டினான், அவன் மனைவிக்கு எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் இந்த இரண்டாவது படத்தில் வருகிறது. கடைசிக் காட்சியில், அவன் போய்விட்ட மறுநாள் காலை, மனைவி அடுப்படியில் நிற்கிறாள். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் தேதி பதினொன்று என்று இருக்கிறது. கிழிக்கிறாள். அடியிலும் பதினொன்று. அவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது வாசல் கதவை யாரோ தட்டுகிறார்கள். படம் முடிந்துவிடுகிறது.

தட்டியது யார்? இதுதான் சண்டை. டீக்கடையில் சண்டை, பஸ்ஸில் சண்டை, போனில் ஒரு மணி நேரம் ஓடும் வீடியோக்களில் கண்ணாடி போட்ட இளைஞர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திச் சண்டை. எல்லாச் சண்டையும் அந்த இரண்டாவது பதினொன்றில் வந்துதான் முட்டிக்கொள்ளும். டைரக்டரிடம் ஒரு பேட்டியில் கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே, தன் படத்தில் தற்செயலாக வைத்தது ஒன்றுமே கிடையாது என்றார். மீதியை ரசிகர்களே முடிவு செய்துகொள்ளட்டுமாம். அதைப் பார்த்தபோது போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது.

ஏனென்றால் அந்த இரண்டாவது பதினொன்று எங்கள் பிரஸ்ஸில் அச்சானது. புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் இருபது வருடத்துக்கும் மேலாகப் புரூப் பார்க்கிறேன். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், திதி, நட்சத்திரம், எந்தக் கோயிலில் என்றைக்குத் தேர் என்று வருடம் முழுவதையும் முந்தின வருடமே வாழ்ந்து முடித்துவிடுகிற பிழைப்பு. தியேட்டரில் அந்தக் காட்சி வந்தபோது எனக்கு அடையாளம் தெரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. எல்லாப் பிரஸ்ஸிலும் ராகு காலம் வலது பக்கம் இருக்கும். எங்களுடையதில் மட்டும் இடது பக்கம். வயசாளிகள் பார்க்க வசதியாக இருக்கும் என்று அதை மாற்றச் சொன்னது நான்தான். படப்பிடிப்பு விருதுநகரில் ஒரு பழைய வீட்டில் நடந்தது. ஆளில்லாத வீடு என்பதால் பொங்கலோடு கிழிப்பது நின்றுபோன காலண்டர் அந்த அடுப்படியில் தொங்கியிருக்கிறது. பிப்ரவரி பதினொன்று வரைக்கும் கிழித்துவிட்டு அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "என்ன இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?" என்று கேட்டாள். ஏ.சி. சரியில்லை என்று சொன்னேன்.

அந்தத் தப்பு எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தினசரி காலண்டரில் ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக அச்சடிப்பதில்லை. பெரிய தாள் ஒன்றில் பல தேதிகளை வரிசையாக வைத்து ஒரே பிளேட்டில் அடிப்போம். பிறகு வெட்டி, தேதிவாரியாக நீள மேசையில் குவித்து வைப்போம். பெண்கள் மேசையைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு தாளாக எடுத்து அடுக்குவார்கள். முழு வருடமும் சேர்ந்ததும் தலைமாட்டில் ஆணி அடித்து அட்டையில் ஏற்றிவிடுவோம். கம்ப்யூட்டரில் பிளேட்டுக்குப் பக்கம் போட்டவன் எங்கள் முதலாளியின் தங்கை மகன். பிப்ரவரி பன்னிரண்டின் பக்கத்தில் திதி, நட்சத்திரம் எல்லாம் சரியாக இருக்க, தேதி எண்ணை மட்டும் பதினொன்று என்றே இன்னொரு தடவை போட்டுவிட்டான். புரூப் என்னிடம் வந்தது. தீபாவளி முடிந்த சீசன் நேரம், ஒரே நாளில் ஏழெட்டுக் கடைகளின் ஆர்டர். நான் திதியைப் பார்த்தேன், நட்சத்திரத்தைப் பார்த்தேன். தேதியைப் பார்க்கவில்லை. யார் தேதியைப் பார்ப்பார்கள்? பதினொன்றுக்கு அப்புறம் பன்னிரண்டு வரும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியுமே என்ற நினைப்பு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அடுக்குகிற பெண்களில் ஒருத்தி அதைக் கண்டுபிடித்தாள். விஸ்வநத்தத்திலிருந்து வருகிறவள், பத்தாவது வரைக்கும் படித்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். மற்றவர்கள் குவியல் இருக்கும் இடத்தைப் பார்த்து எடுப்பார்கள். அவள் வாய்க்குள்ளேயே தேதியைச் சொல்லிக்கொண்டு எடுப்பாள். அந்தப் பழக்கத்தால் மாட்டியது. மேசையை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். லாரி ஆபீசில் லோடு ஏற்ற ஆள் வரவில்லை என்று நான் போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, பன்னெண்ட காணோம். பதினொன்னு ரெண்டு குமி இருக்கு. வந்து ஒரு எட்டு பாருங்க" என்றாள்.

நான் போனைக் கையால் மூடிக்கொண்டு, "நான் பாத்துத்தான கையெழுத்துப் போட்டிருக்கேன்? நீ படிச்சவளா, நான் படிச்சவனா? போயி அடுக்கு" என்றேன்.

அவள் திரும்பி மேசைக்குப் போனாள். நான் சொன்னதை நினைக்கும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது. ஆனால் இதைவிடக் கேவலமானது பின்னால்தான் வந்தது.

தை பிறந்து ஒரு வாரத்தில், ஆர்டர் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் ஒரு கட்டுக் காலண்டரைக் காரில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். பன்னிரண்டாம் தேதி பெரிய முகூர்த்தம். அவர் கடையில் பட்டு எடுத்த ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு அன்றைக்குத்தான் நாள் குறித்திருக்கிறது. அவர் கொடுத்த காலண்டரில் முன்கூட்டியே புரட்டிப் பார்த்திருக்கிறார்கள். கல்யாணத் தேதியே இல்லை. பெண் வீட்டில் அபசகுனம் என்று அழுது ஊரைக் கூட்டிவிட்டார்கள். முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது. கட்டுக்குள் அடுக்கியவரின் எண் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கும். எல்லாக் கட்டிலும் அதே தப்புத்தான். ஆனால் கடைக்காரர் கொண்டுவந்த கட்டில் விஸ்வநத்தத்துப் பெண்ணின் எண் இருந்தது.

பக்கம் போட்டவன் தங்கை மகன், அவனைத் தொட முடியாது. புரூப் பார்த்தவன் பழைய ஆள், சீசன் முடிந்து கணக்கு வழக்கு எல்லாம் அவன் தலையில்தான். அவளைக் கூப்பிட்டார்கள்.

"கடைசிக் கண்ணு நீதானம்மா? கண்ணத் தெறந்து வச்சுத்தான அடுக்குன?" என்றார் முதலாளி.

"நான் அண்ணாச்சிகிட்ட அன்னைக்கே சொன்னேன் மொதலாளி" என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் பார்வையில் பயம் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று முழுசாக நம்பினாள்.

"சீசன்ல ஆளாளுக்கு என்னென்னமோ சொல்லுதாக. எனக்கு ஒன்னும் ஞாபகம் இல்ல மொதலாளி" என்றேன் நான்.

அன்றைக்கு மத்தியானமே அவளை நிறுத்திவிட்டார்கள். எண்ணத் தெரியாதவள் என்று பெயர் ஆகிவிட்டது. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஒன்பது பிரஸ்ஸுக்குப் போய்விடும். வேறு எந்த மேசையிலும் அவளைச் சேர்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன், அடுத்த வருடக் காலண்டருக்குப் புரூப் பார்த்தேன்.

இந்த நிலைமையில்தான் படம் வந்தது.

பிரஸ்ஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுத்தான். கட்டிங் மெசின் ஓட்டுகிறவர் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொல்வார். "அவன் திரும்பி வந்துட்டாம்லே. அதான் அதே நாளு மறுபடியும் ஓடுது. நாளு முடிஞ்சாத்தான தேதி மாறும்?"

"போங்க அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒன்னும் புரியல" என்பான் முதலாளியின் தங்கை மகன். இப்போது முப்பதை நெருங்குகிறான், தாடி வைத்திருக்கிறான், எதைப் பேசினாலும் கிளாஸ் எடுப்பான். "தட்டுனது அவன் இல்ல. அவளேதான். இன்னொரு காலத்துல இருந்து அவளே வந்து வாசல்ல நிக்கா. மொதப் படத்துல அவ கையில ஒரு தழும்பு இருக்குமே, அத யாராச்சும் கவனிச்சீகளா?"

அடுக்கும் மேசையிலிருந்து ஒரு பெண் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னாள். "யாரும் தட்டல. புருசன் போயிட்டான், அவளுக்கு அந்த நாளு நகரவே இல்ல. இது ஒங்களுக்கு எங்க புரியப்போகுது?" ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, தங்கை மகன் போனில் அந்தக் காட்சியை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தான். "இது நம்ம காலண்டர்! ராகு காலம் இந்தப் பக்கம் இருக்கு பாருங்க!" சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். அவன் வெட்கமே இல்லாமல் நெஞ்சைத் தட்டிக்கொண்டான். "நான் போட்ட பக்கம்லே அது! என் தப்புக்குள்ள போயி ஊரே மாட்டிக்கிட்டு முழிக்குது!" எல்லாரும் சிரித்தார்கள். கட்டிங் மெசின்காரர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். அந்தத் தப்புக்காக ஒருத்தி சோற்றை இழந்தாளே என்று அங்கே ஒரு ஆளுக்கும் நினைவு வரவில்லை. அடுக்கும் மேசைப் பெண்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு டிபன் பாக்ஸை மூடினார்கள்.

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். வந்தது கோபமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை.

முதலாளி மறுநாளே கிடங்கில் தேடி அந்தக் காலண்டரில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் அறையில் மாட்டிவிட்டார். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். இதே காலண்டரைத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் கண்ணில் படக்கூடாது, எரித்துவிடு என்று சொன்னார். தங்கை மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். பிரஸ்ஸைச் சுற்றிக் காட்டி ஒரு வீடியோ எடுத்துப் போடப் போகிறானாம். டைரக்டரின் ஆட்கள் நேரில் வந்து இரண்டு பதினொன்று வேண்டும் என்று கேட்டு ஸ்பெஷலாக அடித்து வாங்கிப் போனார்கள் என்று சொல்லிவிட்டால் கம்பெனிக்கு நல்ல பெயராம்.

"நீங்கதான் பழைய ஆளு. நீங்க சொன்னா நம்புவாக. கேமராவைப் பாத்து ரெண்டு வரி சொல்லுங்க" என்றார் முதலாளி. தங்கை மகன் அதற்குள் போனை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டான்.

அப்போதுதான் எனக்குத் தலைக்கு ஏறியது. ஒரு தடவை அவர் முன்னால் நின்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அது இவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. இப்போது இன்னொன்று கேட்கிறார்கள்.

"ஏலே, கேமராவை அணைலே" என்று கத்தினேன். பிரஸ்ஸில் நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. மெசினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். "எவனும் வந்து கேக்கல. தப்பாப் பக்கம் போட்டவன் நீ. பாக்காமக் கையெழுத்துப் போட்டவன் நான். கண்டுபிடிச்சு வந்து சொன்னவ விஸ்வநத்தத்துப் பிள்ள. அவள வெரட்டி விட்டுட்டு, அந்தத் தப்பச் சட்டம் போட்டு மாட்டி வச்சுச் சாமி கும்பிடுதீகளா? அவ எங்கிட்ட சொன்னா மொதலாளி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கும் ஞாபகம் இருந்துச்சு. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

முதலாளி மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். கோபப்படுவார், என்னையும் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவரோ நிதானமாக, "சரி விடுங்க, ரெண்டு வருசம் ஆச்சு. சீசன் வரப்போகுது, ஆளு வேணும். அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. பழசக் கிண்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். அவருக்கு அது அவ்வளவுதான். நான் பொய் சொன்னேன் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று எனக்கு அந்த நிமிடத்தில் உறைத்தது. தெரியாதவர்போல இருப்பது அவருக்கு வசதியாக இருந்திருக்கிறது. எனக்கும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் விஸ்வநத்தத்துக்குப் போனேன். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்று நல்ல செய்தி சொல்லப் போகிறவன்போல ஒரு நினைப்பு எனக்கு. வழியில் ஒரு கிலோ சேவு வேறு வாங்கிக்கொண்டேன்.

அவள் வீட்டு முன்னால் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பசைச் சட்டி, பழுப்புக் காகிதம், சுருட்டி முடித்த குழாய்கள் ஒரு சாக்கு நிறைய. கணவன் கட்டிலில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையை மட்டும் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக?"

முதலாளி வேலைக்குக் கூப்பிடுகிறார் என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் கணவன் சிரித்தான். "இவளயா? மறுபடியும் எதையாச்சும் ரெண்டு தடவ அடுக்கி வைக்கவா? வீட்ல அரிசி அளக்கச் சொன்னாக்கூட நான் ஒரு தடவ பக்கத்துல நின்னு எண்ணிப் பாக்கணும்."

அவள் தலையைத் தூக்கவில்லை. இது தினமும் நடக்கிற பேச்சு என்பது அவள் கை நிற்காமல் சுருட்டிய விதத்திலேயே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளைச் சட்டையைப் பிடித்துத் தூக்கலாம் போல இருந்தது. ஆனால் அவனுக்கு அந்த வாயைக் கொடுத்தவன் நான்தானே.

"தப்பு இவ மேல இல்ல தம்பி" என்றேன். "இவ வந்து எங்கிட்ட சொன்னா. நான்தான் விரட்டுனேன். அப்புறம் மொதலாளி கேட்டப்ப ஞாபகம் இல்லன்னு பொய் சொன்னேன்."

அவள் கை நின்றது. பாதி சுருட்டிய குழாய் அவள் கையிலேயே மெல்லப் பிரிந்தது.

"சொன்னேனா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"நான் ஒங்ககிட்ட சொன்னேனா? நெசமா?"

"சொன்னியே. நான் போன்ல பேசிக்கிட்டு இருந்தேன்..."

"எங்கன நின்னு சொன்னேன்?"

"லோடு ஏத்துற வாசல்கிட்ட."

"என்ன சொன்னேன்? நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

"பன்னெண்ட காணோம், பதினொன்னு ரெண்டு குமி இருக்கு, வந்து ஒரு எட்டு பாருங்கன்னு சொன்ன."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் போனைக் கீழே வைத்திருந்தான். மறுபடியும் என்னிடம், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை.

"ரெண்டு வருசமா எனக்கே தெரியாமப் போச்சு அண்ணாச்சி. நீங்க படிச்சவுக, இத்தன வருசம் வேல பாத்தவுக, ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டீக. அப்ப நான் சொல்லவே இல்லபோல, சொல்லணும்னு மனசுக்குள்ள நெனச்சத சொன்னதா எடுத்துக்கிட்டேன்போலன்னு இருந்தேன். அடுப்ப அணைச்சேனா, கதவப் பூட்டுனேனான்னு எல்லாத்துக்கும் சந்தேகம். பிள்ளைக்கு மருந்து குடுத்தேனா குடுக்கலையான்னு நின்னு அழுதிருக்கேன். எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன்."

அவள் வேலையை மட்டும்தான் நான் பறித்தேன் என்று இரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சேவுப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். "ஞாபக மறதில சொல்லிட்டேன்னு வச்சுக்க" என்று ஏதோ உளறினேன். பொய் சொன்னேன் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்ட நான், அதிலிருந்தும் நழுவப் பார்த்தேன்.

அவள் பிரிந்துபோன காகிதத்தை எடுத்து நீவினாள். பசை தடவினாள். திரும்பச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"நீங்க மறந்திருந்தா நான் ஒன்னும் நெனச்சிருக்க மாட்டேன் அண்ணாச்சி" என்றாள். "நீங்க மறக்கலையே."